பதினேழாவது வளைவு

சேங்குப்பத்துக்கு அந்த ரோடு வந்தது ஆடி மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை. யாரும் போடவில்லை, தானாக வந்தது. ஊருக்கு வடக்கே மொட்டைப்பாறைக் குன்றின் அடியில், முந்தின நாள் சாயங்காலம்வரை முள்ளும் ஓணானும் மட்டும் இருந்த இடத்தில், விடிந்தபோது இருபதடி அகலத்துக்கு ஒரு தார் ரோடு கிடந்தது. ஒரு பக்கம் சுண்ணாம்பு அடித்த தடுப்புக் கற்கள், மறுபக்கம் தண்ணீர் ஓட வடிகால், தொடங்கும் இடத்தில் மஞ்சள் பூசிய ஒரு கல், கல்லில் இந்தி எழுத்து, எழுத்துக்குக் கீழே ஒன்று என்ற எண். கொஞ்ச தூரம் நேராக வந்து, அங்கே மலையும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் வெறும் சமதரையாக இருந்தபோதும், கொண்டை ஊசி மாதிரி மடங்கித் திரும்பி, ரஞ்சிதத்தின் வேர்க்கடலைக் கொல்லைக்கு முன்னால் வந்து நின்றிருந்தது. ஆடு ஓட்டிப்போன ரஞ்சிதம்தான் முதலில் பார்த்தாள். காலை வைத்தாள், ஜில்லென்று இருந்தது, எடுத்துக்கொண்டாள், மறுபடி வைத்தாள், ஆடுகளை அதன்மேல் ஓட்டிப் பார்த்தாள், பிறகு ஊருக்குள் வந்து ரோடு வந்திருக்கிறது என்று சொன்னாள். எந்த ஊருக்கு என்று கேட்டார்கள். நம்ம ஊருக்குத்தான் என்றாள்.

மறுநாள் காலை இரண்டாவது வளைவு வந்திருந்தது, அதற்கு மறுநாள் மூன்றாவது. தினம் ஒரு வளைவு, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மஞ்சள் கல். அது போகும் வழியில் இருந்த எதையும் அழிக்கவில்லை. ரஞ்சிதத்தின் கொல்லையில் நான்கு இலை விட்டிருந்த கடலைச் செடிகள் ரோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அதே எண்ணிக்கையில் நின்றன, கொல்லை மட்டும் எப்படியோ கொஞ்சம் அகலமாகியிருந்தது. தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வந்து சங்கிலி பிடித்து அளந்தார். நெடுஞ்சாலைத் துறைக்காரர்கள் இது எங்களுடையது இல்லை என்றார்கள், பஞ்சாயத்து யூனியன்காரர்கள் எங்களுடையதும் இல்லை என்றார்கள், இரண்டு தரப்பும் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

ஊர் அந்த ரோட்டை ஒரு வாரத்துக்குள் பழகிக்கொண்டது. பால் வண்டிக்காரர் நேர்வழியை விட்டுவிட்டு எல்லா வளைவும் சுற்றிப் போக ஆரம்பித்தார், ஏனென்றால் அந்த ரோட்டின்மேல் முழங்கால் உயரத்துக்கு எப்போதும் ஒரு குளிர் நின்றது, அதில் பால் கெடவில்லை. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய அன்று பூங்கரகம் எடுத்தவர்கள் வழக்கமான தெருவை விட்டு ரோட்டில் இறங்கி வளைந்து வளைந்து வந்தார்கள், வெறுங்கால் சுடவில்லை என்று பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள், நாலு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் திறந்து கிடந்தாலும், ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தார்கள். ஏன் அடிக்கிறாய் என்று கேட்டால், அடிக்காமல் திரும்பப் பயமாக இருக்கிறது என்றார்கள். மூன்றாம் நாளிலிருந்து சின்னப் பிள்ளைகள்கூட ரோட்டின் வெள்ளைக் கல் பக்கம் போவதை நிறுத்திவிட்டார்கள். கல்லுக்கு அந்தப் பக்கம் கடலைக் கொல்லைதான் இருந்தது. இருந்தும் எட்டிப் பார்த்தால் தலை சுற்றியது.

அது யாருடைய ரோடு என்று முதலில் சொன்னவன் தீனதயாளன். அவன் சுபேதார் சம்பங்கியின் மகன். சேங்குப்பத்தில் சம்பங்கியின் வீட்டைப் 'பட்டாளத்து வீடு' என்பார்கள். சம்பங்கியின் அப்பா பெரிய யுத்தத்தில் பர்மாக் காட்டில் மண் சுமந்து ரோடு போட்டவர், சம்பங்கி வடக்கே பனிமலையில் இருபத்து நாலு வருஷம் ராணுவத்துக்கு ரோடு போட்டவர், தீனதயாளனின் மகன் இப்போது எங்கோ ஆற்றின்மேல் ராணுவப் பாலம் கட்டிக்கொண்டிருக்கிறான். நடுவில் தீனதயாளன் மட்டும், மார்பளவு இரண்டு சென்டிமீட்டர் குறைவு என்று மூன்று முறை திருப்பி அனுப்பப்பட்டவன். அதனால் அவன் ஊரின் வடக்கு எல்லையில், வீட்டை ஒட்டிய காலி இடத்தில், ராணுவத்துக்கு ஆள் சேர்க்கும் பயிற்சி மையம் நடத்தினான், அதன் சுவரில் அப்பாவின் படத்தை ஆளுயரத்துக்கு எழுதிவைத்திருந்தான். படத்துக்குக் கீழே, 'பத்தொன்பது மணி நேரத்தில் மலைச்சரிவை அகற்றிச் சாலை திறந்த வீரர்' என்று எழுதியிருந்தது. அதற்காகக் கொடுத்த பதக்கம் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பயிற்சிக்கு வருகிற பிள்ளைகள் ஓடத் தொடங்குமுன் அந்தச் சுவரைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

"அது எங்க நைனா போட்ட ரோடுதான்," என்று தீனதயாளன் டீக்கடையில் சொன்னான். "கல்லு அடுக்கினதப் பாத்தாலே தெரியும். பெரிய கல்லு ரெண்டு, சின்னது ஒண்ணு. அவரு எங்க வீட்டுக் காம்பவுண்டையும் அப்படித்தான் அடுக்கியிருக்காரு. போட்டவரத் தேடிகினு வந்துகீது."

எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. இருபத்து நாலு வருஷம் ஒரு மனிதன் ஒரு ரோட்டோடு இருந்தால், வயதான காலத்தில் அது அவனைப் பார்க்க வருவதில் என்ன இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். ஊர் எல்லையில் பெரிய பேனர் வைத்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து முதல் வளைவிலிருந்து கடைசி வளைவுவரை நடந்துவிட்டு, சம்பங்கியின் வாசலுக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

சம்பங்கிக்கு எழுபத்தாறு வயது. கும்பிட்டவர்களுக்கு அவர் பதில் கும்பிடு போடவில்லை. முதல் நாள் ரஞ்சிதம் வந்து சொன்னபோதே அவர் மொட்டைப்பாறைக்கு நடந்துபோய், மஞ்சள் கல்லைப் பார்த்து, குனிந்து உள்ளங்கையை ரோட்டின்மேல் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. தினமும் விடிந்ததும் புதிதாக வந்த வளைவின் முனைக்குப் போய் நின்றார். ஆறாவது வளைவு வந்த அன்று முள் வெட்டிக் கொண்டுவந்து அதன் முன்னால் வேலி அடைத்தார். மறுநாள் ரோடு வேலிக்கு அந்தப் பக்கம் போயிருந்தது, வேலி கலையாமல் ரோட்டின் நடுவில் நின்றது. ஒன்பதாம் நாள், ரோடு போடுகிறவன் செய்கிற மாதிரியே, முளை அடித்துக் கயிறு கட்டிச் சுண்ணாம்புக் கோடு இழுத்து, ஊரை விட்டு விலகி ஏரிப் பக்கம் போகும்படி அதற்கு ஒரு வழி காட்டினார். ரோடு அந்தக் கோட்டைக் கண்டுகொள்ளவில்லை. பன்னிரண்டாம் நாள் கடப்பாரையால் குறுக்கே ஒரு பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தவரை, பார்த்தவர்கள் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிவந்தார்கள். சந்தோஷத்தில் சில பேருக்கு அப்படி ஆகும் என்று தீனதயாளன் சொன்னான்.

தீனதயாளன் கயிறு வைத்து அளந்து ஒரு கணக்குப் போட்டிருந்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ரோடு அவனுடைய பயிற்சி மைதானத்துக்கு வந்துவிடும். அது பதினேழாவது வளைவு. அன்றைக்கே விழா வைத்தான். மாவட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற கர்னல் ஒருவர் கொடி ஏற்ற வருவதாக ஒப்புக்கொண்டார்.

"ஞாயித்துக்கெழம வேணாம்," என்றார் சம்பங்கி. அந்த இரண்டு வாரத்தில் அவர் மகனிடம் பேசிய முதல் பேச்சு அது.

"இன்னாத்துக்கு வேணாம்? பதினேழாவது வளைவுதானே நைனா உன் வளைவு? மெடலோட வந்த பேப்பர்ல அதானே எழுதிக்கீது, நம்பர் செவன்டீன்னு? உனக்காகத்தான் அந்த நாளையே பிடிச்சேன்."

சம்பங்கி கம்பளியைப் போர்த்திக்கொண்டு வளைவுக்குக் கிளம்பிவிட்டார்.

அவருக்கு ஒரு மகளும் உண்டு, சரளா. ஊர்த் தபாலாபீசை அவள்தான் பார்த்துக்கொண்டாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அப்பாவோடுதான் இருந்தாள். சனிக்கிழமை மத்தியானம் தபாலாபீசைப் பூட்டிவிட்டுச் சாப்பாட்டுத் தூக்கோடு பதினாறாவது வளைவுக்குப் போனாள். சம்பங்கி மஞ்சள் கல்லுக்குப் பக்கத்தில், வெயிலில், கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நைனா, சோறு."

"வெச்சிட்டுப் போ."

"ரெண்டு வாரமா வெச்சிட்டுத்தான் போறேன், நாய் தின்னுகினு கீது." அவள் அவர் எதிரே ரோட்டில் உட்கார்ந்தாள். குளிர் இடுப்புவரை ஏறியது. "நாளைக்கு வர்றதுல இன்னா இருக்குது, சொல்லு. ஊரே பாக்கப்போவுது. எனக்கு முன்னாடியே தெரிஞ்சா நல்லது."

அவர் சொன்னார், அவளைப் பார்த்து அல்ல, ரோட்டைப் பார்த்து. அப்போது அவர் ஹவில்தார். பதினேழாவது வளைவில் மண் வெட்டவும் கல் உடைக்கவும் பதினாலு பேர் இருந்தார்கள். பட்டாளத்து ஆட்கள் இல்லை, கிழக்கே சந்தால் பழங்குடிகளின் நாட்டிலிருந்து வந்த தினக்கூலிகள், ஆணும் பெண்ணும், சரிவுக்குக் கீழே தகரக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தார்கள். பனி உருகுகிற மாதம். ஒரு சனிக்கிழமை காலை அவர்களுடைய மேஸ்திரி மங்கள் முர்மு வந்து, கொட்டகைக்கு மேலே மலையில் விரல் நுழைகிற அளவு விரிசல் விட்டிருக்கிறது சாப் என்றான். மத்தியானம் மறுபடி வந்து, இப்போது கால் நுழைகிறது, கொட்டகையை மாற்ற வேண்டும் என்றான். திங்கட்கிழமை காலை பெரிய அதிகாரியின் வண்டிகள் அந்த வழியாகப் போக இருந்தன, ரோடு சுத்தமாக இருக்க வேண்டும், ஒரு கைகூடக் குறையக் கூடாது. வண்டிகள் போன பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று ஹவில்தார் சம்பங்கி சொன்னார். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மலை இறங்கியது.

"ஆபீசர் ஓடி வந்தாரு. உள்ள ஆளு யாராவது இருக்கானான்னு கேட்டாரு." சம்பங்கி நிறுத்தினார். "இல்ல சார்னு சொன்னேன். ஞாயித்துக்கெழம, சந்தைக்குப் போயிருப்பாங்கன்னு சொன்னேன்."

"போயிருந்தாங்களா?"

"சந்த திறக்குற நேரமே ஆவல."

சரளா தூக்கை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"தோண்டினா மூணு நாளு. தள்ளினா ஒரு நாளு. புல்டோசர் வெச்சு மொத்தத்தையும் பள்ளத்துல தள்ளினோம். பத்தொம்போது மணி நேரம். திங்கக்கெழம காலையில ரிஜிஸ்டர எடுத்துகினு போயி அந்த எடத்துல நின்னேன். பதினாலு பேரையும் கூப்பிட்டேன். யாரும் இல்ல. எல்லாப் பேருக்கும் நேரா, சொல்லாம ஓடிட்டாங்கன்னு எழுதினேன்."

தூக்கு திறக்கப்படாமலே இருந்தது. சரளா கேட்டாள், "பேரெல்லாம் ஞாபகம் கீதா?"

"ஒரு நாளும் மறந்ததில்ல," என்றார்.

அவள் எழுந்து வீட்டுக்கு வந்தாள். தீனதயாளன் கொடிக்கம்பத்துக்கு வர்ணம் அடித்துக்கொண்டிருந்தான். அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தூரிகையை நிறுத்தாமல் கேட்டான், முடிந்ததும், "அவருக்கு வயசாயிடுச்சு, எதையோ எதோடயோ சேர்த்துப் பேசுறாரு," என்றான். ஆனால் வெள்ளைப் பட்டையில் பச்சை வழிந்ததை அவள் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது பதினேழாவது வளைவு மைதானத்தில் வந்து கிடந்தது. முன்பு வந்த பதினாறும் சுத்தமாக, பெருக்கி விட்ட மாதிரி வந்தன. இது அப்படி வரவில்லை. வளைவின் பாதியை ஒரு மண்மேடு மூடியிருந்தது, இரண்டு ஆள் உயரம், கறுப்பு மண்ணும் பாறையும் வேரோடு முறிந்த மரங்களும் அழுக்குப் பனியும் கலந்த மேடு. அதன் அடியிலிருந்து ஒரு தகரத்தின் மூலை நீட்டிக்கொண்டிருந்தது. சேங்குப்பத்து மண் சிவப்பு, அந்த மண்ணின் வாசனைகூட ஊருக்குத் தெரியாத வாசனை. ஜனங்கள் விழாவுக்குக் கட்டிய புதுத்துணியோடு வந்து, மேட்டைச் சுற்றி ஒரு வட்டமாக நின்றார்கள். யாரும் கிட்டே போகவில்லை. ரோட்டின் குளிர் அன்று கழுத்துவரை இருந்தது.

தீனதயாளன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். கர்னல் பத்தரைக்கு வருகிறார். ஏழுமலையைக் கூப்பிட்டு அனுப்பினான். ஏழுமலையிடம் சொந்தமாக ஒரு ஜேசிபி இருந்தது. அவன் அதை ஓட்டிக்கொண்டு வந்து மேட்டுக்கு முன்னால் நிறுத்தி, எங்கே தள்ள வேண்டும் என்று கேட்டான்.

"ஏரிப் பக்கம் தள்ளிடு. அரை மணி நேரத்துல ரோடு தெரியணும்."

ஜேசிபியின் கை மேலே போனது. அப்போது சம்பங்கி வந்தார். பெட்டியிலிருந்து எடுத்த பழைய காக்கிச் சட்டையைப் போட்டிருந்தார், அது இப்போது அவரைப் போல இரண்டு ஆளுக்குக் காணும். மெடல் குத்தியிருக்கவில்லை. நடந்து வந்து ஜேசிபிக்கும் மேட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"நைனா, இப்படி வா," என்றான் தீனதயாளன். "அவன் வேலையப் பாக்கட்டும்."

"உள்ள ஆளு கீறாங்க."

"நைனா, ஜனமெல்லாம் பாக்குது."

"பாக்கட்டும். உள்ள ஆளு கீறாங்க ஏழுமலை, வண்டிய நிறுத்து."

ஏழுமலை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு சாவியைத் திருப்பி இஞ்சினை அணைத்தான். மைதானம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. சம்பங்கி திரும்பி மேட்டைப் பார்த்து நின்றார், குதிகால்களைச் சேர்த்துக்கொண்டார், கையில் ரிஜிஸ்டர் இருப்பது போல இடது கையை மடக்கி வைத்துக்கொண்டு, பட்டாளத்துக் குரலில் கூப்பிட்டார்.

"மங்கள் முர்மு."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மேட்டுக்குள்ளிருந்து, தூக்கத்தில் எழுப்பப்பட்டவன் குரல் போல, கரகரப்பாக, "ஹாஜிர்" என்று வந்தது. வந்திருக்கிறேன் என்று அர்த்தம், காலையில் பேர் கூப்பிட்டால் அங்கே அப்படித்தான் சொல்வார்கள். வட்டத்தில் நின்றவர்கள் ஓர் அடி பின்னால் வைத்தார்கள், ஆனால் யாரும் ஓடவில்லை.

"சோனாராம் ஹேம்ப்ரம்."

"ஹாஜிர்."

"லக்கன் சோரன்."

"ஹாஜிர்."

அவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார், ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். சில குரல் பக்கத்திலிருந்து வந்தது, சில ஆழத்திலிருந்து வந்தது, பூதன் டுடு என்றபோது மட்டும் இரண்டு முறை கூப்பிட வேண்டியிருந்தது. பெண்களின் பேர் வந்தபோது பெண்களின் குரல் வந்தது. ஏழாவது பேரில் ரஞ்சிதம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மேட்டருகே போய், கையால் ஒரு கல்லைப் பெயர்த்துத் தன் கூடையில் போட்டாள். பிறகு இன்னொருத்தி போனாள். பிறகு ஏழுமலை இறங்கி வந்தான். பத்தாவது பேருக்குத் தீனதயாளன், வெள்ளைச் சட்டையின் கையை மடித்துக்கொண்டு, தகரத்தின் மூலையைப் பிடித்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளிக்கொண்டிருந்தான். அவன் அழுதானா, வியர்த்தானா என்று பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. கர்னலின் கார் வந்து ரோட்டோரம் நின்றது. அவர் இறங்கிக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் காருக்குள் வைத்தார்.

அவர்கள் மூன்று நாள் தோண்டினார்கள். கொட்டகைக்குள் ஒருவரும் இல்லை. பதினாலு பாய்கள் விரித்துக் கிடந்தன, அடுப்பில் சாம்பல் சூடாக இருந்தது. ரோடு அதற்கு மேல் ஒரு வளைவுகூட வரவில்லை, வந்த பதினேழும் போகவும் இல்லை, இன்றைக்கும் அதில்தான் பால் வண்டி போகிறது. பயிற்சி மையத்துச் சுவரில் இருந்த எழுத்தைத் தீனதயாளனே சுரண்டி எடுத்தான். சரளா சந்தால் நாட்டுத் தபாலாபீஸ்களுக்கு, பேர்களை எழுதி, இவர்களுடைய ஆட்கள் யாராவது இருந்தால் தெரிவிக்கவும் என்று கடிதம் போட்டுக்கொண்டே இருக்கிறாள், இரண்டு பேருக்குப் பதில் வந்திருக்கிறது. இதெல்லாம் பிற்பாடு.

அந்த ஞாயிற்றுக்கிழமை பதினாலாவது பேர், மேஸ்திரியின் பெண்சாதி மாய்னோ முர்மு. அவளும் ஹாஜிர் என்று சொன்ன பிறகு சம்பங்கி மடக்கிய கையை இறக்கவில்லை. தோண்டுகிறவர்கள் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள். மேட்டுக்குள்ளும் ஏதோ ஒன்று அவரைப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

"முடிஞ்சுதா நைனா?" என்று சரளா மெதுவாகக் கேட்டாள்.

"இன்னொருத்தி கீறா," என்றார். அவருடைய பட்டாளத்துக் குரல் போய்விட்டது. "மேஸ்திரியோட பொண்ணு. நாலஞ்சு வயசு இருக்கும். கூலிக்காரி இல்ல, ரிஜிஸ்டர்ல பேரு கெடயாது. தெனமும் காத்தால வரிசையில கடைசியா வந்து நிப்பா. எல்லாரையும் கூப்பிட்டு முடிச்சதும் என் மூஞ்சியப் பாத்துகினே நிப்பா, தன்னையும் கூப்பிடுவேன்னு. நான் ரிஜிஸ்டர மூடிகினு போயிடுவேன்."

"பேரு?"

"நான் கேக்கவே இல்லம்மா."

சம்பங்கி மேட்டுக்கு அருகே நடந்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, அந்தக் குளிர்ந்த தாரின்மேல், ஒரு சின்னப் பிள்ளையின் உயரத்துக்கு உட்கார்ந்தார். உனக்கு என்ன பேர் அம்மா என்று, முப்பது வருஷத்துக்கு மேல் பேசாத இந்தியில், தகரத்தின் பக்கம் குனிந்து கேட்டார்.

பதில் உடனே வந்தது, வெகுநாள் தயாராக வைத்திருந்த மாதிரி.

"சாந்த்முனி."

"சாந்தமுனி," என்றார் அவர்.

"சாந்தமுனி இல்ல," என்றது குரல். "சாந்த்முனி."

"சாந்தமுனி."

பிறகு அந்தப் பிள்ளை, புரியாதவர்களுக்குச் சொல்வது போல, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், சாந்த் தனியாக, முனி தனியாக. சம்பங்கி உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார். அவளைப் போலவே முதலில் ஒரு பாதியை வைத்தார், அதன் மேல் மறுபாதியை வைத்தார், பிறகு இரண்டையும் சேர்த்து, மைதானம் முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார்.

"சாந்த்முனி."

"ஹாஜிர்," என்றாள்.